கீட்டோன் பொடி வாங்கிக் குடித்துப் பார்த்தேன்: சீனி அளவுக்கும் தசைக்கும் என்ன கிடைக்கிறது?

காலி வீதியில் உள்ள ஒரு சப்ளிமென்ட் கடையில் கீட்டோன் பொடி ஒரு ரின் வாங்கினேன். சாப்பாடு இல்லாதபோது ஈரல் கொழுப்பிலிருந்து செய்யும் எரிபொருள்தான் கீட்டோன். விலை 19,500 ரூபாய். 20 ஸ்கூப் வரும் என்று ரின்னில் போட்டிருக்கிறது. எனக்குச் சீனி வருத்தம் இன்னும் வரவில்லை, ஆனால் வாசல் வரை வந்து நிற்கிறது. கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.2 சதவீதம். அம்மாவுக்கு இருந்தது, பெரியம்மாவுக்கும் இருந்தது. நான் உயர்தர வகுப்புக்குத் தமிழில் உயிரியல் படிப்பிக்கிறேன். பின்பக்கத்து எழுத்தைப் படிக்காமல் எந்த ரின்னையும் திறக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

கடையில் நின்ற தம்பி மரியாதையாகத்தான் கதைத்தார். ரின்னைக் கையில் தந்து, "அன்ரி, இதைச் சாப்பாட்டுக்கு முதல் குடிச்சா சீனி டக்கெண்டு இறங்கும், கொழுப்பும் கரையும்" என்றார். பக்கத்தில் பார்மசிப் பையோடு வயதான ஒரு ஐயா நின்றார். "அப்ப மெட்ஃபோமினைக் குறைக்கலாமோ தம்பி?" என்று தன் சீனி வருத்தக் குளிசையைப் பற்றி அவர் கேட்டார். "ஓம் ஐயா, ஒரு மாசம் குடிச்சிட்டு மெல்ல மெல்ல நிப்பாட்டலாம்" என்று பதில் வந்தது. நான் குறுக்கிட்டு, "ஐயா, டொக்டரைக் கேளாமல் ஒண்டையும் நிப்பாட்டாதேங்கோ" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வாங்காமல் போனார். நான் இல்லாத நேரத்தில் இதே கேள்வியோடு எத்தனை பேர் அங்கே வருவார்கள் என்ற யோசனை என்னை விடவில்லை. மீற்றரில் சீனி அளவு இறங்குவது வேறு, சீனி வருத்தம் குறைவது வேறு. இந்தப் பொடி முதலாவதைக் கொஞ்ச நேரத்துக்குச் செய்யும். அதை வைத்துக்கொண்டு இரண்டாவதை விற்கிறார்கள்.

சரி, பொருளுக்கு வருவோம். மாம்பழ வாசனைப் பொடி. குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் குலுக்கினால் கட்டியில்லாமல் கரைகிறது. வாயில் வைத்தவுடன் மாம்பழம் தெரியும், அடுத்த நொடி உப்பு மேலே வரும், அப்புறம் ஒரு புளிப்புக் கசப்பு தொண்டையில் நிற்கும். ஐஸ் போட்டால் குடிக்கலாம். வெறும் வயிற்றில் முழு ஸ்கூப் குடித்தால் எனக்கு வயிறு இரைந்து கலக்கியது. அரை ஸ்கூப்பில் அந்தக் கரைச்சல் இல்லை. கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ரின்னுக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் பையை எறிந்துவிடாதீர்கள். இந்தப் பொடி ஈரத்தை இழுக்கும். மூடியை ஒழுங்காகத் திருகாவிட்டால் வெள்ளவத்தைக் காற்றில் ஓரமெல்லாம் கட்டிப்பட்டுப் போகும்.

ஒரு ஸ்கூப்பில் சுமார் 11 கிராம் பீட்டா ஹைட்ரொக்சி பியூட்டிரேட் என்ற கீட்டோன் இருப்பதாக எழுதியிருக்கிறது. சோடியம், கல்சியம் உப்பாகச் சேர்த்திருக்கிறார்கள். சோடியம் மட்டும் 1,200 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சொல்லும் உச்ச அளவே 2,000 மில்லிகிராம்தான். நம் வீடுகளில் சம்பல், கருவாடு, ஊறுகாய் எல்லாம் தட்டுக்கு வரும். பிரஷர் உள்ள ஒருவர் இதை நாளுக்கு இரண்டு ஸ்கூப் குடித்தால் பொடியிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடுவார். கடையில் இதை யாரும் சொல்லவில்லை.

கீட்டோன் என்பது புதுப் பொருள் ஒன்றும் அல்ல. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசம் இருப்பவர்களின் ஈரல் இதை நன்றாகவே உற்பத்தி செய்யும். சாப்பாடு இல்லாதபோது இன்சுலின் குறைகிறது, கொழுப்பு இழையத்திலிருந்து கொழுப்பமிலங்கள் வெளியேறுகின்றன, ஈரல் கலங்களின் சக்தி நிலையமான இழைமணிக்குள் அவை கீட்டோன்களாக மாறுகின்றன. ஈரல் தான் செய்ததைத் தானே எரிக்காது, அதற்கு வேண்டிய நொதியம் அதனிடம் இல்லை. எல்லாம் இரத்தத்தில் இறங்கி மூளைக்கும் இதயத்துக்கும் தசைக்கும் போகும். நீண்ட பட்டினியில் மூளை பெரும்பாலும் கீட்டோனில்தான் ஓடுகிறது என்று ஜோர்ஜ் கேஹிலும் ஒலிவர் ஓவனும் 1967இல் காட்டினார்கள். அதுவரை மூளைக்குக் குளுக்கோஸ் ஒன்றுதான் எரிபொருள் என்று நம்பப்பட்டது. வகுப்பில் இந்தப் பகுதியைப் படிப்பிக்கும்போது எனக்கு இன்றைக்கும் உற்சாகம் வரும்.

ரின்னின் முன்பக்கத்தில் 'கொழுப்பை எரிக்கும்' என்ற பொருளில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது எனக்குக் கோபத்தைத் தந்ததும் அதனால்தான். உபவாசத்தில் கொழுப்பு உடைவதால் கீட்டோன் ஏறுகிறது. பொடியைக் குடித்தால் கீட்டோன் வெளியிலிருந்து வருகிறது. வந்தவுடன் அது கொழுப்புக் கலங்களில் சைகை வாங்கும் புரதமான ஒரு வாங்கியில் ஒட்டி, கொழுப்பு உடைவதைத் தணிக்கிறது. குடித்த பிறகு இரத்தத்தில் கொழுப்பமில அளவு குறைவதைப் பல ஆய்வுகள் அளந்திருக்கின்றன. போதாக்குறைக்கு இது கலோரி உள்ள உணவு, ஒரு கிராமுக்கு நாலரைக்கு மேல். குடித்துக்கொண்டே மெலியலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சீனி அளவை நான் வீட்டிலேயே பார்த்தேன். அலகு எல்லாம் டெசிலீற்றருக்கு மில்லிகிராம். காலைச் சாப்பாடு ஒரே அளவு: ஐந்து இடியப்பம், ஒரு அகப்பை சொதி, கொஞ்சம் சம்பல். பொடி இல்லாத காலையில் சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் 172, இரண்டு மணித்தியாலத்தில் 141. சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முதல் ஒரு ஸ்கூப் குடித்த காலையில் 158, பிறகு 136. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் பார்த்தால் இரண்டு நாளும் கிட்டத்தட்ட ஒன்று. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தும் இந்தப் போக்கு மாறவில்லை. சில நாள் வித்தியாசம் இன்னும் சின்னது.

இந்த எண்களைப் பெரிதாக எடுக்கக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. வீட்டு மீற்றர்களுக்கான சர்வதேசத் தரம் 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை விலக அனுமதிக்கிறது. 172 என்று காட்டுவது உண்மையில் 150 ஆகவும் இருக்கலாம், 195 ஆகவும் இருக்கலாம். ஆகவே என் விரல் நுனியை மட்டும் நம்பாமல் ஆய்வுகளையும் பார்த்தேன். 2022இல் வந்த ஒரு தொகுப்பாய்வு நாற்பதுக்கு மேற்பட்ட பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. கீட்டோன் குடித்த கொஞ்ச நேரத்தில் குளுக்கோஸ் சராசரியாக லீற்றருக்கு 0.54 மில்லிமோல் இறங்குகிறது, நம் கணக்கில் சுமார் 10 மில்லிகிராம். என் மீற்றர் காட்டியதும் கிட்டத்தட்ட அதுதான். ஆக, இறங்குவது உண்மை. ஆனால் அது ஒரு வேளைக்குரிய இறக்கம்.

அடுத்த கேள்வி, அந்தச் சீனி எங்கே போனது? பெரும்பாலானவர்கள் தசை அதை உறிஞ்சிவிட்டது என்று நினைப்பார்கள். கடைத் தம்பியும் அப்படித்தான் விளங்கப்படுத்தினார். முக்கிய காரணம் ஈரலில் இருக்கிறது. கீட்டோன் ஏறியதும் ஈரல் குளுக்கோஸை வெளியே விடுவது குறைகிறது. புதுக் குளுக்கோஸ் செய்ய ஈரலுக்கு மூலப்பொருள் வேண்டும். கொழுப்பு உடைந்து வரும் கிளிசரோல் ஒன்று, தசையிலிருந்து வரும் அலனைன் என்ற அமினோ அமிலம் இன்னொன்று. கீட்டோன் இரண்டையும் குறைக்கிறது. சதையியிலிருந்து இன்சுலினும் கொஞ்சம் கூடலாம். உடலின் பார்வையில் இது நியாயமான ஏற்பாடு. பட்டினிக் காலத்தில் தசையைக் கரைத்துக் குளுக்கோஸ் செய்வதைத் தள்ளிப் போடத்தான் கீட்டோனே இருக்கிறது.

தசைக்குள் நடப்பது இன்னும் முக்கியம். கீட்டோன் எரியும்போது இழைமணிக்குள் அது உடைந்து வரும் அசற்றைல் கோஏ நிறைகிறது, அதிலிருந்து உண்டாகும் சித்திரேற்றும் கூடுகிறது. அவை குளுக்கோஸை உடைக்கும் பாதையின் நொதியங்களைத் தணிக்கின்றன. கொழுப்பமிலம் எரியும்போது இப்படி நடப்பதை பிலிப் ராண்டில் 1963இல் விவரித்தார், கீட்டோனுக்கும் அது பொருந்தும். ஆகவே கீட்டோன் குடித்த தசை குளுக்கோஸைக் கூடுதலாக எரிக்கும் என்று சொல்ல முடியாது, அது கையில் வந்த வேறு எரிபொருளை எரிக்கிறது. சீனி வருத்தத்தின் வேரோ தசையில்தான் பெரும்பங்கு இருக்கிறது. இன்சுலின் வந்து கதவைத் தட்டும்போது உடலில் அதிகம் குளுக்கோஸை உள்ளே எடுக்க வேண்டியது எலும்புத்தசை. அந்தத் தசை சொல்வழி கேளாமல் போனதுதான் நம்மில் பலரின் பிரச்சினை. பொடி அந்தத் தசையைத் திருத்தாமலேயே மீற்றரின் எண்ணைக் குறைத்துக் காட்டுகிறது.

இதனால் இன்னொன்றையும் பார்த்தேன். அதே இடியப்பம், அதே சொதி, பொடி இல்லை. சாப்பிட்ட கையோடு மரைன் டிரைவில் இறங்கி பம்பலப்பிட்டிப் பக்கம் விறுவிறு என்று 25 நிமிடம் நடை. வந்து குத்திப் பார்த்தால் ஒரு மணித்தியாலக் கணக்கு 139. 172 எங்கே, 139 எங்கே. தொடைத்தசை சுருங்கும்போது குளூட்4 என்ற கடத்திகள் இன்சுலினைக் கேளாமலேயே கலத்தின் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே இழுக்கும். நடை முடிந்த பிறகும் அந்தத் தசை ஒரு நாளுக்கு மேல் இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கும். மரைன் டிரைவில் மாலை நடக்க வரும் அம்மாமார் ஐயாமாருக்கு நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். காலையில் சாப்பிட்டவுடன் ஒரு பத்து நிமிடமாவது நடவுங்கள், வெயில் என்றால் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்குங்கள்.

பொடிக்கு முழு நியாயம் செய்ய வேண்டும் என்றால், கீட்டோனை உப்பாக இல்லாமல் அற்ககோலோடு பிணைத்துத் திரவமாகச் செய்யும் எஸ்டர் வகையைப் பற்றியும் எழுத வேண்டும். என் அக்காவின் மகன் லண்டனில் இருக்கிறான், சைக்கிள் ஓட்டப் போட்டிகளுக்குப் போகிறவன். விடுமுறையில் வந்தபோது கீட்டோன் எஸ்டர் சின்னப் போத்தல்கள் சிலவற்றையும் கீட்டோன் மீற்றரையும் கொண்டு வந்தான். "சின்னம்மா, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே மூச்சில குடியுங்கோ" என்றான். சொன்னது சரி. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைக் கசப்புச் சேர்த்து வாயில் ஊற்றியது போல இருந்தது. ஆனால் வேலை செய்வதில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி. என் பொடி ஒரு ஸ்கூப்புக்கு இரத்தக் கீட்டோனை லீற்றருக்கு 0.6 மில்லிமோல் வரைதான் ஏற்றியது. எஸ்டர் 2.4க்குக் கொண்டு போனது, வெறும் வயிற்றுச் சீனி 104இலிருந்து 88க்கு வந்தது. உப்பு வகைகள் பலவற்றில் மூலக்கூறின் வலக்கை வடிவமும் இடக்கை வடிவமும் பாதிக்குப் பாதி கலந்திருக்கும். நம் உடல் செய்வதும் சுலபமாக எரிப்பதும் அவற்றில் ஒன்றைத்தான், மீற்றர் அளப்பதும் அதையே. என் ரின்னில் எந்த வடிவம் எவ்வளவு என்று எழுதவே இல்லை. இவ்வளவு காசுக்கு விற்கும் பொருளில் அதைப் போடாதது எனக்குப் பெரிய குறை.

எஸ்டரின் கதை ரிச்சர்ட் வீச், கீரன் கிளார்க் என்ற இரு ஆய்வாளர்களிடமிருந்து வருகிறது. வீச் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்தவர், கிளார்க் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தவர். அமெரிக்க இராணுவ ஆராய்ச்சி நிதியில், களைப்பிலும் பசியிலும் சிப்பாய்களுக்குக் கைகொடுக்கும் எரிபொருளாக அதைத் தேடினார்கள். 2016இல் ஒக்ஸ்போர்ட் குழு வெளியிட்ட ஆய்வில், எஸ்டரும் மாச்சத்தும் சேர்த்துக் குடித்த சைக்கிள் வீரர்கள் அரை மணித்தியாலத்தில் சுமார் 2 சதவீதம் கூடுதல் தூரம் ஓடினார்கள். தசையில் குளுக்கோஸ் உடைவது தணிந்தது, அந்த உடைவில் வரும் இலற்றேற்று குறைந்தது, தசைக்குள் இருக்கும் கொழுப்பு கூடுதலாக எரிந்தது. 2017இல் தொழில்முறை சைக்கிள் வீரர்களுக்கு வேறொரு எஸ்டரைக் கொடுத்து அவுஸ்திரேலியாவில் பார்த்தபோது 2 சதவீதம் பின்னடைவு, எல்லோருக்கும் வயிற்றுக் கரைச்சல். குளுக்கோஸ் உடைவதைத் தணிக்கும் எரிபொருள், கடைசி நிமிடத்தில் பாய வேண்டிய ஓட்டத்துக்குத் தடையாவது விளங்கிக்கொள்ளக் கூடியதே. ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் கீட்டோன் இல்லை. என் பெறாமகன் அதை இப்போது நீண்ட பயிற்சிக்குப் பின், களைப்பு ஆறத்தான் பாவிக்கிறான். கடும் பயிற்சிக் காலத்தில் எஸ்டர் குடித்தவர்கள் குறைவாகச் சோர்ந்தார்கள் என்ற பெல்ஜிய ஆய்வு ஒன்று 2019இல் வந்தது. அவனுக்குப் பயன் இருக்கலாம். அவனுடைய தேவை வேறு, நம்முடையது வேறு.

தசை கரைவதைத் தடுக்குமா என்பதில் எனக்கு உண்மையான ஆர்வம் உண்டு. 1988இலேயே நாயர் என்பவரின் குழு, கீட்டோனை இரத்த நாளம் வழியாகச் செலுத்தினால் லியூசீன் என்ற அமினோ அமிலம் எரிந்து வீணாவது குறைகிறது, தசைப் புரதமாகச் சேர்வது கூடுகிறது என்று காட்டியது. அம்மாவின் கடைசி வருடங்களில் அவவின் கைகால் மெலிந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அந்த ஆராய்ச்சி முன்னேற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் நாளத்தில் ஏற்றி ஆய்வுகூடத்தில் சில மணித்தியாலம் கண்டதை, ரின்னில் ஒரு ஸ்கூப் குடிக்கும் நமக்குத் தசையாகத் திரளும் என்று விற்க முடியாது. இன்றைக்கு வயதானவர்களுக்குத் தசை காக்க நம்பிச் சொல்லக்கூடியவை முட்டை, மீன், பருப்பு, கடலை, அதோடு தண்ணீர் நிரப்பிய போத்தலைத் தூக்கியாவது செய்யும் பயிற்சி.

யார் தொடவே கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். முதலாம் வகைச் சீனி வருத்தம் உள்ளவர்கள், இன்சுலின் போதாதவர்கள் இதை எடுக்க வேண்டாம். அவர்களுக்குக் கீட்டோன் கட்டுமீறி ஏறி இரத்தம் அமிலமாகும் ஆபத்து ஏற்கனவே இருக்கிறது. அடுத்து, சீனியைச் சிறுநீரோடு வெளியேற்றும் எம்பாகிளிஃப்லோசின், டாபாகிளிஃப்லோசின் குளிசை எடுப்பவர்கள். கொழும்பில் இப்போது பலரின் மருந்துத் துண்டில் இந்தப் பெயர்கள் இருக்கின்றன. இவற்றோடு சீனி அளவு அவ்வளவு ஏறாமலேயே கீட்டோன் அமிலத்தன்மை வரலாம். சத்தி, வயிற்று நோவு, இழுத்து இழுத்து மூச்சு வாங்குவது என்று வந்தால் மீற்றர் 180 காட்டுகிறது என்று ஆறுதலாக இருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த நேரம் பொடியும் குடித்திருந்தால் கீட்டோன் எங்கிருந்து வந்தது என்று டொக்டருக்கே குழப்பம் வரும். பிரஷர், சிறுநீரகக் குறைபாடு, கர்ப்பம் என்றாலும் வேண்டாம். சீனியைக் குறைக்கும் ஊசியோ குளிசையோ எடுப்பவர் இதையும் சேர்த்தால் சீனி அளவு தேவைக்கு மேல் இறங்கலாம், ஆகவே டொக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

கடையைப் பற்றிச் சொன்னால், பில் ஒழுங்காகத் தந்தார்கள், காலாவதித் திகதி தெளிவாக இருந்தது, இறக்குமதியாளரின் விலாசமும் ஒட்டியிருந்தது. ரின்னோடு திரும்பிப் போய் மெட்ஃபோமின் கதையைப் பற்றி முதலாளியிடம் கதைத்தேன். பொறுமையாகக் கேட்டார். மருந்தை நிப்பாட்டச் சொல்லி இனி யாரும் கதைக்க மாட்டார்கள் என்றார். அதை அவர் காப்பாற்றினால் அந்தக் கடையில் புரோட்டீன் பொடி வாங்க எனக்குத் தயக்கம் இல்லை.

பொடிக்கு ஐந்தில் ஒன்றரை. கரையும் விதத்துக்கும் சீனி அளவைக் கொஞ்சம் இறக்குவதற்கும் அந்த ஒன்றரை. ஒரு ஸ்கூப் கிட்டத்தட்ட 975 ரூபாய். ஒரு நாள் இரண்டு வேளைக்குக் குடித்தால் மாதம் 58,500. அந்தக் காசுக்கு வீட்டில் எல்லோருக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் எச்பிஏ1சி பார்க்கலாம், மீற்றருக்கு ஸ்ட்ரிப் வாங்கலாம், நல்ல நடைச் சப்பாத்தும் வாங்கலாம். அடுத்த ரின் நான் வாங்கப் போவதில்லை.